குவைத்தில் இருப்பதாகச் சொன்னவள்

ஹீன்கந்த தோட்டம், மேல் டிவிசன்,
அரநாயக்க.
10.02.2025

அன்புள்ள மகள் ஷாமிளாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது.

நேற்று மாவனல்லைக்குப் போனேன். உன் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று றஸ்மியாவின் துணிக்கடைக்குள் நுழைந்தால், மேலே மாட்டியிருக்கிற டிவியில் நீ பேசிக்கொண்டிருக்கிறாய்! கறுப்புக் கோட்டும் இழுத்துக் கட்டிய கொண்டையுமாக, கையில் சிவப்பாக ஏதோ ஊற்றிய கண்ணாடிக் கிளாஸ். அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டேன். றஸ்மியா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். "இதெல்லாம் எங்களுக்குக் கேக்கவும் கூடா அக்கா. ஆனா நம்மட ஷாமிளாட மொகத்த பாக்கணுமே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உன் முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கிற அந்தப் பிள்ளை பேசும்போதெல்லாம் நீ வலது காதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாய். பார்த்த வேறு யாருக்கும் அது ஏன் என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்த அடி விழுந்தபோது நான் அடுப்படியில் நின்றேன்.

உன் புருஷன் தனுஷன் இன்னும் பார்க்கவில்லை. நீ குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்வதாகத்தான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். என் போனை ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்க்கிறான். அதனால்தான் இந்தப் பேனாவும் கடிதமுமாக நாம் காலம் தள்ளுகிறோம். இப்போது நீயே போய் ஊர் பார்க்கிற பெட்டிக்குள் நின்றால் நான் என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதே. கசிப்புச் சாராயம் குடித்துவிட்டு வந்து அடித்த என் மகனிடமிருந்து உன்னைத் தப்பவைத்து பஸ் ஏற்றினேன். நீ ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிறாய் என்று நினைத்திருந்தேன். குடியைப் பற்றியா மகளே நீ படித்தாய்?

நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் தூங்கிய பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். கங்காணியின் பேத்தி என் பேனாவைப் பிடித்து இழுக்கிறாள். முகத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா என்று பார்.

உன் மாமி,
பவளம்மா


கொழும்பு
19.02.2025

என் அன்புக்குரிய மாமிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆறு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். என் வேலைக்குச் சொமலியர் என்று பெயர். எந்த வைன் எந்த மண்ணில் விளைந்தது, எந்தச் சாப்பாட்டோடு சேரும், போத்தலுக்குள் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம் மாமி. பக்கத்திலேயே துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும். வேலை நேரத்தில் விழுங்கினால் வேலை போய்விடும். ஹோட்டலில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு வெள்ளைக்காரர் திருப்பி அனுப்பிய போத்தலை நான் சமையல்கட்டில் மோந்து பார்த்து, "நனைஞ்ச சாக்கு மாதிரி மணக்குது" என்றேன். கோர்க் கெட்ட வைனுக்கு அதுதான் அடையாளமாம். அன்றைக்கே மேலாளர் என்னைப் படிக்க அனுப்பினார்.

நீங்கள் குடி என்கிறீர்கள். எனக்கும் முதலில் போத்தல் திறக்கிற சத்தம் கேட்டாலே கண் கதவுப் பக்கம் போகும். பிறகு, இந்தச் சாமானுக்கு நான் பயப்படக் கூடாது, அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. இப்போது ஆட்கள் என்னிடம் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறார்கள், ஒரு கிளாஸை ஒரு மணித்தியாலம் வைத்துப் பேசுகிறார்கள். அப்படியும் குடிக்கலாம் என்று ஹீன்கந்தையில் யார் எனக்குக் காட்டினார்கள்?

டிவியில் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காரச் சாப்பாட்டுக்குத் துவர்க்கிற சிவப்பு வைன் கூடாது, எரிவு கூடும், கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை நல்லது என்று கட்டச் சம்பலை வைத்துச் சொன்னேன். தமிழில் இதைக் கேட்டதில்லை என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் ஒரு பிழை விட்டுவிட்டேன். தென்னாபிரிக்காவின் சில வைன்களில் ரப்பர் எரிகிற மணம் வரும். அதைச் சொல்லும்போது, "நான் ரப்பர் தோட்டத்துல வாழ்ந்தவ, ரப்பர் ஷீட் காய வைக்கிற ஸ்டோர் புகை எனக்குத் தெரியும்" என்று வாயில் வந்துவிட்டது. அது அடுத்த வாரம் போகிறது. வெட்டச் சொன்னேன். அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

முகத்தை மறைக்கச் சொல்கிறீர்கள். முடியாது என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, மாமி. முடியும் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் இருக்கிற வீட்டின் முகவரியைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டு எரித்துவிடுங்கள். உங்களுக்கு ஏதும் என்றால் நேரே வாருங்கள்.

உங்கள் மகள்,
ஷாமிளா


மாவனல்லை, றஸ்மியா கடையிலிருந்து
14.03.2025

மகளே,

அவன் பார்த்துவிட்டான்.

ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்தான். குடித்திருக்கவில்லை. சத்தம் போடவில்லை. முகச்சவரம் செய்தான், வெள்ளைச் சட்டையை எடுத்து அவனே ஸ்திரிக்கை போட்டான். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, குவைத்துல தமிழ் டிவி இருக்கா?" என்று கேட்டான். "இருக்கும்" என்றேன். "ஆமா, இருக்கும்" என்று சிரித்தான். இன்று விடிந்ததும் என் போனையும் எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

படம் ஓடும்போது கீழே ஹோட்டலின் பேரைப் போடுகிறார்கள் என்று றஸ்மியா சொல்கிறாள். அவள் விடாமல் உனக்கு எடுத்துப் பார்க்கிறாள், உன் போன் வேலை செய்யவில்லை. ஹோட்டலுக்கு எடுத்தால் சொல்கிறோம் என்று வைத்துவிடுகிறார்கள். கடைக்குத் துணி எடுக்கிற முக்தார் தம்பி பெருநாள் சரக்குக்கு நாளை விடியக் கொழும்புக்குப் புறப்படுகிறார். நோன்போடு இருக்கிறவர், நான் எழுதுகிறதைப் பார்த்துவிட்டு, "நான் நேரா அவட கையிலேயே குடுக்கிறன்" என்றார்.

வேலைக்குப் போகாதே. குடித்துவிட்டு வந்தால் அவனைத் தள்ளிவிட்டு ஓடலாம். தெளிவாக இருக்கிறவனை எனக்குப் பழக்கமில்லை.

மாமி


கொழும்பு
16.03.2025

அன்புள்ள மாமிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பழுதாகிக் கிடந்த என் போன் இன்றைக்குத்தான் சரியானது. முக்தார் நானா கடிதத்தைக் கொண்டுவந்தபோது நேற்றைய ஒளிப்பதிவுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஹோட்டல் மண்டபத்தில், பார்வையாளர்களையும் வைத்து எடுக்கிறார்கள். கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். வாசல் காவலர்களுக்குச் சொன்னார். "வேண்டாம்னா இன்னைக்கு விட்டுடலாம் ஷாமிளா" என்றும் சொன்னார். வீட்டில் தனியாக இருப்பதைவிட நூறு பேருக்கு நடுவில் இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

ஆனால் உங்கள் மகன் எங்களுக்கு முந்தியே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டையில். நான் பேசத் தொடங்கிப் பாதியில்தான் கண்டேன். கைகளை மடியில் வைத்து, பாடம் கேட்கிற பிள்ளை போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டும், உள்ளங்கைச் சூடு வைனுக்கு ஆகாது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்கிறவள். அதை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கேள்வி நேரம் வந்தது. கையை உயர்த்தினார். மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"மேடம், ரப்பர் தோட்டத்துல வாழ்ந்தேன்னு சொன்னீங்களே. அந்தத் தோட்டத்துல உங்களுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருக்காரா?"

மரியாதையாகத்தான் கேட்டார். மண்டபத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் வாயில் வைன் இருந்தது. துப்ப மறந்து விழுங்கிவிட்டேன் மாமி.

"இருக்கார்" என்றேன். "நீங்கதான் அது. நீங்க அடிச்சுத்தான் என் இடது காது கேக்காது. அதனாலதான் நீங்க இப்ப கேட்டதக்கூட நான் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டேன்."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. காவலர்கள் வந்து அவர் தோளில் கை வைத்தார்கள். அவர் அடம் பிடிக்கவில்லை. எழுந்து, மைக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்தார். வாசலில் மட்டும் நின்று திரும்பி, "குவைத்துன்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பொலிஸ் வருவதற்குள் தெருவில் இறங்கிப் போய்விட்டார். நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்தப் பகுதியை ஒளிபரப்ப மாட்டோம் என்று டிவிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வாசலில் அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதில் நிற்கிறது.

மாமி, இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். றஸ்மியா அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன், அவர் வீட்டில் உங்களுக்கு ஓர் அறை தயாராக இருக்கிறது. அல்லது அடுத்த பஸ்ஸில் இங்கே வந்துவிடுங்கள். அப்போது என்னை நீங்கள் பஸ் ஏற்றினீர்கள். இப்போது உங்களை ஏற்றிவிட நான் அங்கே இல்லை. நீங்களே ஏற வேண்டும்.

உங்கள் மகள்,
ஷாமிளா


கொழும்பு
19.03.2025

மாமி,

நீங்கள் கடைக்கு வரவில்லை என்று றஸ்மியா அக்கா சொல்கிறார். என் கடிதம் அவர் மேசையிலேயே கிடக்கிறதாம். உங்கள் நம்பருக்கு எடுத்தால் அடிக்கிறது, யாரோ எடுக்கிறார்கள், பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இரண்டாம் தடவை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மழை என்றாலும் நாளைக்குத் தோட்டத்துக்கு ஏறிப் பார்ப்பதாக முக்தார் நானா சொல்லியிருக்கிறார். இந்தத் துண்டையும் அவர் கையில் கொடுக்கச் சொல்லி இன்றைய பஸ்ஸில் அனுப்புகிறேன். உங்களால் எழுத முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள். பேர் மட்டும் எழுதினாலும் போதும்.

ஷாமிளா


ஹீன்கந்த தோட்டம்
24.03.2025

அன்புள்ள ஷாமிளாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன் என்று முக்தார் தம்பி உனக்குப் போனில் சொல்லியிருப்பார். அவரிடம் நான் சொல்லாததை நான்தான் எழுத வேண்டும்.

றஸ்மியா வீட்டுக்கு நான் போகாதது உன் கடிதம் கிடைக்காததால் மட்டும் இல்லை. கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். கோபத்தோடு திரும்பி வருகிறவன் வீட்டில் என்னைக் காணாவிட்டால் மறுபடி உன்னைத் தேடி வருவான். நான் இருந்தால் என்னோடு முடியும் என்று நினைத்தேன்.

போன திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம் வந்தான். அன்றைக்கும் குடித்திருக்கவில்லை. சோறு கேட்டான், போட்டேன். கருவாட்டுக் குழம்பு நல்லா இருக்கு என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"குவைத்துன்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான்டா."

"பஸ் ஏத்தி விட்டது?"

"அதுவும் நான்தான்."

இவ்வளவையும் பயமில்லாமல் சொன்னேன் மகளே. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு தைரியம் வந்தது. பிறகு, "இப்ப எங்க தங்கியிருக்கா?" என்றான். தெரியாது என்றேன். இன்னொரு தடவை கேட்டான். தெரியாது என்றேன். எழுந்து வந்து என் கழுத்தில் கை வைத்தான்.

சொல்லிவிட்டேன்.

தெருப் பேர் சொன்னேன். வீட்டு நம்பர் சொன்னேன். கீழே மருந்துக்கடை இருக்கிறது என்று நீ எப்போதோ எழுதியதைச் சொன்னேன். பச்சைக் கதவு, மேல்மாடி, பின்பக்கப் படி. அவன் கேட்காததையும் சொன்னேன். மூச்சு வந்தால் போதும் என்று இருந்தது. நீ அப்போது என் நினைவிலேயே இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காத்தமுத்து அண்ணன் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். லயத்து ஆம்பிளைகள் நாலைந்து பேர் சேர்ந்து அவனைப் பிடித்து வைத்தார்கள். பொலிஸ்காரர் என்னிடம் சிங்களத்தில், "அம்மே, பெத்த மகன் மேலதான் என்ட்ரி போடப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம், முறைப்பாட்டை எழுதுங்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவனிடமிருந்து என் போனைக் காத்தமுத்து அண்ணன் வாங்கித் தந்திருந்தார்; நீ எடுத்தபோது மூச்சு விட்டது நான்தான், குரல் வரவில்லை. இப்போது தண்ணீர் இறங்குகிறது, சோறுதான் இறங்கவில்லை.

அவன் உள்ளே இருக்கிறான். ஏப்ரல் முதலாம் தேதி வழக்கு. அன்றைக்குப் பிணை கொடுப்பார்கள் என்கிறார்கள். கையெழுத்துப் போட என்னைவிட்டால் அவனுக்கு ஆள் இல்லை. நான் போடுவேன். நீ என்னைத் திட்டலாம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கழுத்து வலிக்குதா?" என்று அழுதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெற்றவனுக்கு நான் பயப்படுகிறேன் என்று இன்றைக்குத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முக்தார் தம்பி பெருநாளுக்கு முந்தி கடைசியாக ஒரு தடவை கொழும்புக்கு வருகிறார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்த வீட்டைக் காலி செய். ஹோட்டலில் சொல்லி வேறு ஊருக்கு மாற முடிந்தால் மாறு. புது இடத்தை எனக்கு எழுதாதே. றஸ்மியாவுக்கும் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். இதற்குப் பதிலும் போடாதே. இனிமேல் அந்தக் கடைக்கு உன் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்கப் போக மாட்டேன்.

உன்னைப் பிடிக்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. தனுஷன் மறுபடி கேட்பான். ஒரு நாள் அன்பாகக் கேட்பான், ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்பான். எனக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லிவிடுவேன், மகளே. எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

தனுஷனின் அம்மா,
பவளம்மா