பவானும் பவனியும்

நோர்பரி,
புதன்கிழமை.

அன்புள்ள நகுலேஸ்வரி,

‘பவனி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் உம்மோடு ஒரே வகுப்பில் தமிழ்ச் சிறப்புப் பாடம் படித்தும் தெரியாது.

இங்கே சுகம். உமது முழங்கால் எப்படி?

நாளை காலை பத்து மணிக்கு மகள் ஜெனோஜாவுக்குக் கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பவான் என்பது பழைய பிரெஞ்சு அரசவையில் சோடி சோடியாக, வரிசையில் மெல்ல நடந்து ஆடிய நடனம். அறிவியல் புனைகதைகளில் அது எங்கெல்லாம் வருகிறது என்பதுதான் ஆய்வு. விண்கலத்துக்குள்ளும் மனிதரை வரிசையில் நிறுத்த வேண்டுமென்றால் எழுத்தாளர்கள் இந்த ஆட்டத்தையே தேடுகிறார்களாம். இதற்கு நாலு வருடமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அதன்பிறகு ஆய்வைப் பற்றி அவள் என்னிடம் பேசியது ஒரே நாள்தான். அன்று நான், “இது எங்கட பவனியெல்லோ, கப்பலில ஏறிப் போயிருக்கும்” என்றேன். சிரிக்காமல் பகிடி விடுவது என் பழக்கம், உமக்குத் தெரியும்.

ஆய்வேட்டின் பிரதி இன்று மேசையில் கிடந்தது. நாற்பத்தோராம் அடிக்குறிப்பில், பவான் என்ற சொல் தமிழின் ‘பவனி’யிலிருந்து வந்தது என்றும், தகவல் தந்தவர் தமிழ்ப் பட்டதாரி நீலவேணி கமலநாதன் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். தேர்வாளர்களிடம் பிரதிகள் போய் ஒன்றரை மாதம். அகராதிகளைப் பார்த்தேன். இத்தாலிய ஊர் ஒன்றின் பெயர் என்கிறார்கள், மயில் என்கிறார்கள். தமிழென்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவளுடைய தைரியம் போய்விடும். சொல்லாவிட்டால் நாளை அவர்கள் முன் முழிப்பாள். இரண்டு தரம் அவளுடைய அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன்.

ஏதேனும் ஆதாரம் தெரிந்தால் இன்றிரவே மின்னஞ்சலில் எழுதும். இருக்காது. அப்படியென்றால் பத்து மணிக்கு அவளை ஒருதரம் நினைத்துக்கொள்ளும். உமது வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும்.

அன்புடன்,
நீலவேணி

வியாழக்கிழமை.

நேற்று இதை அனுப்பவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. மதியம் ஒன்று பத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். சிறு திருத்தங்களோடு பட்டம் கிடைத்துவிட்டது. முதல் திருத்தம் நாற்பத்தோராவதை நீக்குவது. இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டார்களாம். நான் பகிடிக்குச் சொன்னது என்றேன். அவள் சொன்னாள்:

“மற்ற எல்லாத்தையும் ரெண்டு தரம் தேடிப் பாத்தனான், அம்மா. இது நீங்கள் சொன்னதெண்டு விட்டிட்டன்.”