வீட்டுக்கு ஒரு பெயர்

அண்ணே,

இன்று காலையும் அந்தச் செய்தி போனில் வந்தது. "உங்கள் பக்கத்து வீட்டில் கொஞ்ச நாளாகச் சத்தமில்லை. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்." நம் தெருவுக்காக நாம் இரண்டு பேரும் கட்டிய இணையதளம் அனுப்பியது. ஒரு வீட்டார் பல நாள் தளத்தைத் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு இப்படி அனுப்பும். வீட்டுக்காரர் என்று அதில் இன்னும் உங்கள் பெயர்தான். நீங்கள் போய்விட்டது அதற்கு எப்படித் தெரியும்?

அந்த வாசகம் நீங்கள் எழுதியதுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நான் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்ட, நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். மயிலம் தாண்டுவதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும். லைக் பட்டன் வைத்ததற்கு என்னமாய்க் கத்தினீர்கள்! "லைக்கு போட்டுட்டு வூட்லயே குந்திக்கினு இருப்பான்பா. 'வர்றேன்'னு ஒரு பட்டன் வை. அமுக்கினா வந்தே ஆவணும்." மழையில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அமுக்கியவர்கள் எல்லாரும் வாளியும் கயிறுமாக வந்து நின்றார்கள். அன்று உங்கள் முகத்தை நீங்களே பார்த்திருக்க வேண்டும்.

"ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் மாதிரி, வூட்டுக்கு ஒரு பேரு போதும்பா" என்றதும் நீங்கள்தான். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

இந்தச் செய்தி முதல் தடவை வந்தபோது உங்கள் பெயரை நீக்கப் போனேன். நீக்கினால் வீடே தளத்திலிருந்து போய்விடும் என்றது. உள்ளே அண்ணி இருக்கிறார். காய்ச்சலில் கிடந்தாலும் தெருவில் ஒருவருக்கும் சேதி போகாது. கருமாதிக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, நானும்தான்.

போய்க் கதவைத் தட்டினேன். டீ போட்டுக் கொடுத்தார்.

"உங்க பேரையும் சேர்க்கணும் அண்ணி, சொல்லுங்க" என்றேன். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அவர் பெயர் தெரியாது.

"மழை வந்தப்போ அத்தினி பேருக்கும் நான்தான் சோறு ஆக்கிப் போட்டேன் தம்பி. அன்னிக்கு ஒருத்தரும் எம்பேரு கேக்கல. இப்ப அவரே இல்ல. எம்பேரு எதுக்கு?"

நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லையே அண்ணே.

வீட்டுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம் என்று அன்றே மாற்றிவிட்டேன். மனைவி, அம்மா, மருமகள் என்று தெருவெங்கும் புதுப் பெயர்கள். உங்கள் வீட்டில் மட்டும் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். வேறு யாரிடமாவது கேட்டால் அண்ணி பெயர் தெரிந்துவிடும். அது முறையில்லை, அவரேதான் சொல்லவேண்டும்.

இன்றும் போய்க் கேட்டேன். டீ கொடுத்தார். பெயரைச் சொல்லவில்லை.