ரேடியோவை முதலில் எழுப்பியவனுக்கு

போன வாரம் உன் மனைவி வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனாள். "பீரோவுல இருந்துச்சுங்க. காலேஜ் சாமான்னு நெனைக்கிறேன்" என்றாள். திறந்ததும் சால்டரிங் வாடை அடித்தது. உள்ளே நம் கல்லூரியின் முதல் செயற்கைக்கோளுக்காக நாம் செய்த சோதனை போர்டு, அதற்கடியில் உன் நோட்டு. நீ செத்து நான்கு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

அந்தச் செயற்கைக்கோள் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். பூமியின் நிழலுக்குள் போனால் வெயில் கிடையாது, பேட்டரியும் சின்னது. கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்து போகும் என்று நமக்குத் தெரியும். அணைவதைத் தடுக்க முடியாது, எழுந்துகொள்வதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்றவள் நான். எழுந்ததும் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அதில் சார்ஜ் ஏறிய பிறகுதான் ரேடியோ, ஏனென்றால் கரண்டை அதிகம் குடிப்பது அதுதான்.

நீ கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையை ஒரே தாளில் கொட்டித் தின்றுகொண்டே இதற்காகச் சண்டை போட்டோம். "பெரியவங்க எல்லாம் ஹால்ல உக்காந்திருப்பாங்கடி. மொத சுத்துலயே சத்தம் கேக்கணும்" என்றாய்.

"கார்த்திகைக்கு மலையில தீபம் தெரியறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எவனாவது வீட்டு விளக்கை ஏத்துவானா? அதே வரிசைதான்டா இதுவும்."

"ரொம்ப ஜாஸ்தியா யோசிக்கிற நீ" என்று சிரித்தாய். "சரி தாயே, உன் இஷ்டப்படியே வெச்சுக்க."

நம்பினேன்.

ஏவிய அன்று, பூமியைச் சுற்றிய முதல் சுற்றில் செயற்கைக்கோளின் சத்தம் சில நொடிகள் கேட்டது. ஹாலே கைதட்டியது. அதன் பிறகு ஒன்றுமில்லை. எழுந்ததும் ரேடியோ இருந்த கரண்டையெல்லாம் குடித்துவிட, கம்ப்யூட்டர் விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. அப்படியே போய்விட்டது. நான் எழுதிய வரிசை அது இல்லை என்று விசாரணையில் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் கல்லூரி முதல்வரிடம் சொன்னாய்: "எழுப்புற பகுதி முழுக்க அவங்க பாத்ததுங்க சார்."

அவங்க. பத்து வருடம் டி போட்டுக் கூப்பிட்ட நீ அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை கொடுத்தாய். மறுவாரமே என்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் ஹால் டிக்கெட்டில் சீல் குத்தினேன். வராந்தாவில் எதிரே வந்தால் நீ போனைக் காதில் வைத்துக்கொள்வாய்.

உன் நோட்டைப் புரட்டினேன். செயற்கைக்கோளை ஒப்படைப்பதற்கு முந்தின வாரத் தேதியில், உன் கோணல் கையெழுத்து: 'ரேடியோ முதலில். அவளிடம் சொல்ல வேண்டாம்.'

பாவி, இதைக் கிழித்துப் போடவாவது தோன்றவில்லையா உனக்கு? உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து அதே ஹாலுக்கு இழுத்துப் போயிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

இரண்டாவது செயற்கைக்கோளுக்கு வேறு ஆள் கிடைக்காமல் என்னையே கூப்பிட்டார்கள். அதில், பேட்டரி ஏறுவதற்கு முன் ரேடியோவை எழுப்பச் சொல்லி யார் உத்தரவு கொடுத்தாலும் மறுக்கிற ஒரு பகுதி உண்டு. அதற்கு ஒரு பெயர் வேண்டும். நோட்டைப் படித்த அன்றே இனிஷியலோடு உன் பெயரை வைத்தேன்.

இன்று காலை முதல்வர் பகுதிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, "அவரு ஞாபகமா வெச்சிருக்கியாம்மா? நல்லது" என்றார்.

"ஞாபகமாத்தான் சார். ரேடியோவ எழுப்புன்னு சொன்னா முடியாதுன்னு சொல்ற எடம் அது" என்று நோட்டை விரித்து அவர் முன் வைத்தேன். இரண்டு முறை படித்தார். அப்புறம் என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

வீட்டுக்கு வரும்வரைதான் அது தாங்கியது. முதல்வரின் அந்த முகத்தை உனக்குத்தான் நடித்துக் காட்டியிருப்பேன், நீதான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். மனது ஆறவில்லைடா. நீ பாட்டுக்குப் போய்விட்டாய், இனி நான் யாரோடு சண்டை போடுவது?