கீழூருக்குப் போகாத தண்ணீர்

அண்ணி,

எதிர் குவார்ட்டர்ஸில் வெள்ளையடிக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பின் வாடை ஜன்னல் வழியே வந்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மூக்கண்டப்பள்ளிக்கு மகனோடு வந்து இத்தனை வருடத்தில் எந்த ஃபேக்டரிப் புகைக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. ஏனென்று கேட்டான். உன்னைப் பற்றி அவனுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

நீ எங்கள் வீட்டுக்கு வாழவந்த வருடம்தான் நம் நிலத்துக்கு மேல்புறம் தோல் பதனிடும் ஷெட் வந்தது. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள் நீ. உன்னை நீங்கள் என்று நான் அழைத்ததே இல்லை. பாரூர் ஏரிக் கால்வாய் எட்டாத மேட்டு நிலம். ராகியும் நாமும் ஒரே கிணற்றை நம்பியிருந்தோம். தோல் ஊறிய சுண்ணாம்பும் உப்பும் மருந்துத் தண்ணீரும் ஷெட்டுக்குப் பின்னால் குழிகளில் தேங்கின. அடுத்த கோடையில் கிணறு நுரைத்தது. அண்ணன் போய்க் கேட்டதற்கு, எங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

கிணறு கெட்டால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வற்ற இறைத்துத் தூர் வாரினால் புது ஊற்று நல்லதாக வரும். கவலை ஏற்றத்தில் மாடுகளைப் பூட்டி, அவை நாக்குத் தள்ள இறைத்தோம். புதிதாக ஊறியது முன்னைவிடக் கசந்தது. மறுபடி இறைத்தோம், இன்னும் கசந்தது. ஒரு மாடு படுத்துக்கொண்டு இறைப்பு நின்றபோதுதான் தண்ணீர் மெல்லத் தெளிந்தது. உனக்குத்தான் முதலில் விளங்கியது.

"நாமதான் எறைச்சு எறைச்சு அந்தக் குழித் தண்ணிய இழுக்கறோம்" என்றாய்.

கவலையை அவிழ்த்துப் போட்டோம். குடிக்கவாவது கிடைத்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. சரிவுக்குக் கீழே இருந்த கீழூரிலிருந்து பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையாம், பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லையாம். கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொடுத்தாய். அவர்கள் இறங்கிப் போன சரிவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் மாடுகளைப் பூட்டச் சொன்னாய்.

நான் சண்டை போட்டேன். நம் நிலம் பாழாவது உனக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன்.

"நாம இழுக்கலன்னா அது நேரா கீழ போவுது. அங்க கைப்புள்ளைங்க இருக்குது" என்றாய்.

இறைத்ததையெல்லாம் நம் வயலிலேயே பாய்ச்சினாய். மண் வெள்ளை பூத்தது, ராகி கருகியது. கீழூர்க் கிணறு தெளிந்தது. குடிதண்ணீருக்கு நாம் அங்கே போனோம். கெட்ட தண்ணீரைத் தன் வயலுக்கே பாய்ச்சும் பைத்தியங்கள் என்று அவர்கள் நம்மைக் கேலி செய்தார்கள். உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று வழியெல்லாம் உன்னைப் பிடுங்கினேன்.

"சொன்னா குடிக்க பயப்படுவாங்க. வேற கெணறு ஏது அவங்களுக்கு?"

மடை திருப்பித் திருப்பி உன் கால்கள் புண்ணாயின. ஆறவே இல்லை. அதற்குள் என்னைக் கீழூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்று மாமியார் பெருமையாக முதல் சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என் பிள்ளைகள் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

நீ ஒரு ஐப்பசியில் போய்விட்டாய். காரணம் தண்ணீர்தான் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் கைக்குழந்தையோடு கீழூர் வாசலில் நின்றிருந்தேன். மேலே கவலை கிறீச்சிட்டது. அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, அன்று இறைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டை மூடும்வரை இறைத்தார்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, அண்ணி. எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாயருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துகிறேன். மேலே யாராவது இறைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று காது கொடுக்கிறேன். அப்புறம்தான் குடிக்கிறேன்.