ஐந்து நிமிடம் முன்பே அடித்த மணி

பாப்பா,

நேரில் சொல்ல முகமில்லாமல் எழுதுகிறேன். நேற்று புகைப்பட விழாவில், படங்களைக் காட்ட உனக்குக் கொடுத்த நேரம் உண்மையில் முடியவில்லை. நேரம் முடிந்ததும் மணியடிக்கும் வேலைக்கு நின்ற உன் அப்பன்தான் ஐந்து நிமிடம் முன்பே அடித்துவிட்டேன்.

படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வந்திருந்த நிபுணர் அம்மா உன் படங்களைத் திருப்பும்போது எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்! கிழிந்த பனியன், பல்செட்டைக் கழற்றிய பொக்கைவாய். "யாரும்மா இவரு?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாய். இஸ்திரி போட்ட சீருடையில் நின்றவனுக்கு மானம் போய்விடும்போல் இருந்தது. மணியை அடித்தேன். நீ படங்களை அடுக்கிக்கொண்டு போனாய்.

இன்று அந்த அம்மாவிடம், "படத்துல இருக்கறது நான்தாங்க, மணியடிச்சதும் நான்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. பல்செட்டைக் கழற்றிக் காட்டினேன். நாளைக் காலை முதல் ஆளாக உன்னை வரச் சொன்னார்.

பொக்கைவாய்ப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வை. மணியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
படத்தில் இருப்பவன்