எறும்பு ஏறிய வில்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது வில்லும் உடைந்தது. இழுத்த இழுப்பில் படார்! மேல்பாதி பறந்து மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த போர்வைமேல் விழுந்தது. "அண்ணி, இன்னிக்கு விறகு எவ்வளவு தேறிச்சு?" என்று கீழிருந்து நாத்தனார். வாய்க்கொழுப்பு! ஆனாலும் சிரித்துவிட்டேன்.

22ஆம் தேதி வில்வித்தைக் கழகத்தில் கையால் செய்த வில்லுக்கான போட்டி நாள். முப்பது அம்பு விடும்வரை வில் உடையக் கூடாது, அவ்வளவுதான். போன வருடம் பாதியிலேயே முறிந்து, எல்லார் முன்னாலும் கைப்பிடியும் கையுமாக நின்றேன். இந்த முறை விடுவதாக இல்லை. மிச்சம் ஒரே ஒரு பலகை.

மார்ச் 8, ஞாயிறு

இந்தப் பலகை சொன்னபடி கேட்கிறது! வில்லின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கிற பக்கத்தில், மரத்தின் ஒரே ஆண்டு வளையம் நுனிமுதல் நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும்; அறுந்தால் வில் அங்கேயே முறியும். கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டிக் கொண்டுவந்துவிட்டேன். நாண் ஏற்றியதும் இரண்டு பாதியும் ஒன்றுபோல வளைந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது நிஜமாகவே பொன்!

என் வீட்டுக்காரரும் இழுத்துப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. ஏணியில் நின்று பெயர்ப்பலகை எழுதியே தோள் போன மனுஷன். "எனக்கு அம்பு பொறுக்குற வேலையே போதும். அலங்காரத்தை மட்டும் என்கிட்ட விட்டுடு," என்றார். சரி என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

சரி என்றேனே, என் புத்தியை...

வேலையிலிருந்து வந்தால் மேசைமேல் வில். முதுகு நெடுக ஒரு கொடி. தூரிகையால் இல்லை — உளியால்! இலை இலையாக வெட்டி, வளையம் முழுக்க அறுந்து கிடக்கிறது. "நல்லாருக்கா?" என்று வேறு கேட்கிறார். நல்லாருக்காம்! "உளியைத் தொடச் சொல்லி உங்ககிட்ட யாரு அழுதா?" என்று நான் கத்தியதில் நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

மார்ச் 11, புதன்

பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்

பேசிவிட்டேன். அவர் விரலில் உளி பட்ட காயம். எவ்வளவு நேரம் குனிந்து வெட்டினாரோ! எனக்காகத்தானே?

இருப்பது ஒரே வழி. வெட்டின ஆழம்வரை முதுகை மொத்தமாகச் சுரண்டி அடுத்த வளையத்துக்கு இறங்க வேண்டும். வில் மெலியும், வலு குறையும். குறையட்டும். இரண்டு பேருமாகச் சுரண்டுகிறோம்.

மார்ச் 15, ஞாயிறு

இறங்கியாயிற்று. என் கைக்கு இப்போது இது விளையாட்டுச் சாமான். சும்மா அவரிடம் நீட்டினேன். கன்னம்வரை இழுத்துவிட்டார்! "ஏய், வருதுடி!" அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 19, வியாழன்

தூரிகை மட்டும் கொடுத்தேன். வில் முதுகில் எறும்பு வரிசை வரைந்திருக்கிறார். எல்லாம் மேலே ஏறுகின்றன, ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

"இது யாரு?"

"புதன்கிழமை நீ."

மார்ச் 22, ஞாயிறு

செய்தவர்தான் எய்ய வேண்டும் என்று விதி இல்லை. அவரை நிறுத்தினேன். முதல் அம்பு பக்கத்து ஆளின் இலக்கில் குத்தியது. அந்த ஆள் நன்றி சொன்னார்! இருபதைத் தாண்டியதும் நான் சத்தமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டேன். முப்பது! எறும்புகூட அசையவில்லை.

அம்பு பொறுக்கியது நான்.

மார்ச் 24, செவ்வாய்

மரக்கடையில் புதுப் பலகைக்குச் சொல்லியாயிற்று. அதுவரைக்கும் வில்லை இரவல் கேட்டேன்.

"உனக்கெதுக்கு? ஒடச்சிடுவே," என்கிறார்.