துக்குயு சாலை நன்றாகத்தான் இருக்கிறது

என் அன்பு மகள் ஸ்கோலாவுக்கு அப்பா எழுதுவது. இரிங்காவில் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். ஹாம்பர்க்கில் நீயும் மருமகன் மத்தியாஸும் பேரப்பிள்ளைகள் இருவரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறோம். மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது, இந்த வருடம் கதிர் சிறுத்துத்தான் போயிற்று, கூரையின் பின்பக்கத் தகரத்தை நீங்கள் வருவதற்குள் மாற்றிவிடுவேன்.

நீ ஜூலை மாதத்துக்குப் போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தைப் பங்கு அலுவலகத்தில் அச்சடித்து வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை படித்தேன். பதினாறு நாளில் பதினொரு ஊர் போட்டிருக்கிறாய். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், அதில் பாதியை அடித்துவிடு, இல்லாவிட்டால் பிள்ளைகள் நாட்டைப் பார்க்க மாட்டார்கள், வண்டியின் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். தாருஸ்ஸலாமிலிருந்து காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மிக்குமி வனவிலங்குக் காட்டில் நடுப்பகலில் ஒரு மிருகமும் கண்ணில் படாது, எல்லாம் நிழலில் படுத்திருக்கும், அங்கே ஒரு ராத்தங்கல் வைத்து விடியற்காலையில் பாருங்கள். கிட்டோங்கா மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இரண்டு மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். இருட்டிய பிறகு சாலையில் இருக்காதே. ங்கோசி ஏரிக்கு ஏறுவது பேத்தி லீனாவின் காலுக்கு ஆகாது, அதை விட்டுவிடு. மத்தேமாவில் ம்பாசா மீன் சாப்பிட வேண்டுமென்றால் காலையில் படகு கரைக்கு வரும்போதே வாங்கி அங்கேயே சுடச் சொல், விடுதி ஐஸ் பெட்டியில் கிடப்பதை வாங்காதே. கியேலா அரிசி என்று வழியில் விற்பதெல்லாம் கியேலா அரிசி இல்லை, கையில் எடுத்து முகர்ந்து பார்.

இப்படியே எழுதி ஒரு தாள் தீர்ந்துவிட்டது, சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாளுக்கு எதிரே நீ எழுதியிருப்பது இது: துக்குயு, மதியச் சாப்பாடு, சுபிலாகா கடை, இரண்டு மணி நேரம். பாலில் வெந்த வாழைக்காயும் மாட்டுக்கறியும் அந்தக் கடையில் சாப்பிட்டதைப் போல எங்கும் சாப்பிட்டதில்லை என்று யார் யாரோ கணினியில் எழுதியிருப்பதாகச் சொன்னாய். நான் போனில், உயோலே தாண்டியதும் சாலை உடைந்து கிடக்கிறது, துக்குயுவை விட்டுவிடு என்றேன். அது பொய் மகளே. அந்தக் கடைக்காரி சுபிலாகா என் மகள். உனக்குத் தங்கை.

உனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவள் பிறந்தாள். அப்போது என் பஸ் துக்குயுவில்தான் திரும்பும். அவள் அம்மா தும்பே பஸ் நிலையத்தில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஏமாற்றவில்லை, எனக்குக் குடும்பம் இருப்பதைச் சொல்லாமல் ஏமாற்றியவன் நான்தான். குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது முதலாளி என்னை அருஷா தடத்துக்கு மாற்றினார். அழுதிருக்க வேண்டியவன், தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

உன் அம்மாவுக்கு இது தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று போனை வைத்ததும், பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "சாலை நல்லாத்தானே இருக்கு, ஸ்கோலா அப்பா. உடைஞ்சது சாலை இல்லையே" என்றாள். அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. நான் அருஷாவில் இருந்த முதல் வருடமே தும்பே விலாசம் விசாரித்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நீ பள்ளி விடுதியில் இருந்தாய். "வாசல்ல நின்ன புள்ளைக்கு உங்க நெத்தி. நான் என்ன கேக்க? உகாலிக் களி கிண்டிப் போட்டேன், குளிருக்கு ஒரு போர்வை குடுத்தேன், அனுப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி உங்கமேல இருந்த கோவத்துல உங்க சட்டை ரெண்டை அடுப்புல போட்டேன். எலி கடிச்சிருச்சுன்னு சொன்னேனே, அது எலி இல்ல" என்றாள். பிறகு அவளே சொன்னாள், "இன்னும் மறைக்கணும்னா மறைங்க. ஆனா நம்ம புள்ள அந்தக் கடையில உக்காந்து, பரிமாறுறவ யாருன்னே தெரியாம சாப்பிட்டு, நல்லா இருந்துச்சும்மான்னு எங்கிட்ட வந்து சொல்லுவா பாருங்க, அத என்னால கேக்க முடியாது."

போன செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் துக்குயுவுக்குப் போனேன். மழைத்தூறல், தேயிலைத் தோட்டமெல்லாம் பனி மூடியிருந்தது. கடையில் எட்டு மேசை. மூலையில் போய் உட்கார்ந்தேன். அவளேதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் பெரியவரே என்றாள். இரிங்கா என்றேன். தட்டை மிச்சம் வைக்க மனம் வரவில்லை, முழுவதும் தின்றேன். எழுந்து காசை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. "அப்பாகிட்ட காசு வாங்குற வழக்கம் எங்க ஊர்ல இல்ல" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதைப் போலச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அம்மா படம் வச்சிருந்தாங்க. நீங்க பஸ் படியில நிக்கிறது. அம்மா போயி ஆறு வருசமாச்சு. சொல்லி அனுப்ப விலாசம் தெரியும், சொல்ல வேணாம்னுட்டாங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் பக்கத்து மேசையைத் துடைத்தாள். நீ வரப்போவதைச் சொன்னபோதுதான் கை நின்றது. உனக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். பிறகு, "வரட்டும். ஆனா தெரிஞ்சு வரட்டும். தெரியாம வந்தா கடைக்கு வர்ற ஆளுங்க மாதிரி சாப்பிட்டுப் போயிருவாங்க. தெரிஞ்சு வர்றதா இருந்தா அன்னிக்குக் கடைய மூடிருவேன், வீட்டுல சமைப்பேன். வர இஷ்டமில்லன்னாலும் குத்தமில்ல, அவங்க என்ன செஞ்சாங்க பாவம்" என்றாள். திரும்பி வரும்போது எட்டு மணி நேரமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு ஊரும் கண்ணில் படவில்லை.

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் கடிதம். ஒன்பதாம் நாளை அடிப்பதும் வைப்பதும் உன் விருப்பம், என்னை நினைத்து முடிவு செய்யாதே. மத்தியாஸிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் உன் இஷ்டம், ஆனால் என்னைப்போல் தள்ளிப்போடாதே. அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது உனக்காக. என்மேல் உள்ள கோபத்தை எழுது, திட்டி எழுதினாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக வளரட்டும். மறக்காமல் எல்லோருக்கும் கம்பளிச் சட்டை எடுத்து வா, ஜூலையில் இங்கே குளிர் உங்கள் ஊர் குளிருக்குக் குறைந்ததில்லை. துக்குயு போவதானால் தானும் வருவதாக அம்மா சொல்லிவிட்டாள், போர்த்திக்கொள்ளத் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். அந்த வண்டியில் எனக்கும் இடம் உண்டா என்பதை நீ எழுதினால் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
எலியுதேரி கிஹ்வேலே